தூண் எங்கே நிற்கிறது?

டூம் விளையாட்டைப் பற்றி உங்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. 1993 டிசம்பரில் வந்தது. அண்ணன் விளையாட, பின்னால் நின்று பயந்துகொண்டே பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் பேச வந்தது அந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் கட்டிய லெவல் தொகுப்புகளைப் பற்றி. டூமின் நிரலாளர் ஜான் கார்மாக் நிரலைத் தனியாகவும், லெவல், படம், ஒலி எல்லாவற்றையும் வாட் என்ற கோப்பில் தனியாகவும் வைத்தார். அதனால் நிரலைத் தொடாமலே யாரும் புது லெவல் கட்டலாம். 1994-லேயே அதற்கான கருவி வந்துவிட்டது. இன்றுவரை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

சைபர் கஃபேயில் கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்த தம்பிமார்களே, இது உங்களுக்கும் அந்நியமான விஷயம் இல்லை. நீங்கள் ராத்திரி பகலாக ஓடிய டஸ்ட் மேப், டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்து இளைஞர் ஆர்வத்தில் கட்டியது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கே 1999-இல் ரசிகர்கள் இருவர் ஹாஃப்-லைஃபை மாற்றிச் செய்ததுதான்.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். ஸ்கூடாயில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “மாமா, இந்த ஒரு லெவல்ல மட்டும் பேய் எத்தனை தெரியுமா?” ஆயிரக்கணக்கில் இருந்தன. இது புதிய மோகமும் இல்லை. நட்ஸ் என்ற லெவல் 2001-லேயே 10,000-க்கும் மேற்பட்ட பேய்களை ஒரே இடத்தில் கொட்டி வைத்தது. இன்றைக்கு அதையே பெரிய கோபுரம், பெரிய அலங்காரம் என்று ஜோடித்துத் தருகிறார்கள். பார்க்கப் பிரம்மாண்டம்தான். ஆனால் பேய் எத்தனை என்ற கணக்கு எனக்கு முக்கியமே இல்லை. எங்கே வைத்தார்கள்? அதைச் சொல்லுங்கள். எங்கே வைத்தார்கள்?

டூம் இரண்டாம் பாகத்தில் ஆர்ச்-வைல் என்றொரு பேய் உண்டு. மஞ்சள் வெளுப்பில், எலும்பு தெரிய நிற்கும். நடந்து வரும் பேய்களில் அதைவிட வேகமானது இல்லை. நாம் கொன்று போட்ட பேய்களில் பெரும்பாலானவற்றை எழுப்பிவிடும். கையைத் தூக்கினால் நம்மேல் தீ பற்றும். அந்தத் தீ வெடிக்க ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும். வெடிக்கும் நொடியில் அதன் பார்வையில் நாம் இருந்தால் தொலைந்தோம். ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டால் ஒரு கீறலும் இல்லை. ஆகவே லெவல் கட்டுகிறவர் ஆர்ச்-வைலை வைக்கும்போதே தூணையும் யோசித்தாக வேண்டும். தூண் எங்கே நிற்கிறது, அதை எட்ட எவ்வளவு நேரம், அதன் மறுபக்கம் என்ன காத்திருக்கிறது. தூண் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். கட்டியவரின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

இதில் எனக்கு டாரியோ கசாலி, மைலோ கசாலி என்ற சகோதரர்களுக்கு மேல் ஆள் இல்லை. 1996-இல் ஃபைனல் டூம் என்று இரண்டு தொகுப்புகளைச் சேர்த்து, டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டது. ஒன்று டிஎன்டி. ரசிகர் குழுவொன்று இலவசமாகத் தரவிருந்ததை ஐடி வாங்கிக்கொண்டது. நல்ல தொகுப்புதான், அதை அப்படியே விட்டுவிடுகிறேன். மற்றொன்று புளூட்டோனியா. மொத்தம் 32 லெவல், இந்தச் சகோதரர்கள் கட்டியது. ரசிகர்களாகத் தொடங்கிய பிள்ளைகள்! டாரியோ பிறகு வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து ஹாஃப்-லைஃபுக்கும் லெவல் கட்டினார்.

புளூட்டோனியாவின் 11-ஆவது லெவலின் பெயர் ஹண்டட். சுற்றிச் சுற்றிப் போகும் குறுகிய சந்துகள். உள்ளே நடமாடுவது ஆர்ச்-வைல் கூட்டம். தூண் என்று தனியாக எதுவும் வேண்டாம், ஒவ்வொரு முடுக்கும் தூண்தான். ஒன்றிடமிருந்து தப்பித் திரும்பும் முடுக்கில் இன்னொன்று நிற்குமோ என்ற எண்ணமே நம்மை நடக்கவிடாது. இதை என் மருமகனிடம் கொடுத்தேன். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியவன், ஒரு முடுக்கில் அசையாமல் நின்று பேயின் குரலுக்குக் காது கொடுத்தான். “மாமா, இப்ப எந்தப் பக்கம் இருந்து வரும்?” என்று மெல்லக் கேட்டான். எண்ணிக்கையால் இந்தப் பயத்தை உண்டாக்க முடியாது. வைக்கும் இடத்தால் முடியும்.

நானும் கட்டுகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜொகூர் பாரு ஜாலான் தான் ஹியோக் நீயில் இருக்கும் பழைய கடைவீடுகளை ஒரு லெவலாக வரைந்தேன். டூமின் பழைய நிரலில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. ஆகவே மாடி வெறும் சுவர்தான், ஏறிப் போக வழியில்லை. ஆனால் கீழே கடைவாசலில் அஞ்சடி நடைபாதை இருக்கிறதே! தாழ்ந்த கூரை, வரிசையாகத் தூண்கள், தெருக்கோடியில் ஓர் ஆர்ச்-வைல். முதலில் உள்ளது உள்ளபடி எல்லாத் தூணையும் வைத்துப் பார்த்தேன். தூணுக்குத் தூண் தாவிச் சுலபமாகப் போய்விடலாம். பிறகு நடுவில் சில தூண்களை எடுத்து, அந்த இடத்தில் ஒரு லாரியை நிறுத்தினேன். இப்போது அந்த இரண்டு வினாடியும் முழுசாகத் தேவைப்படுகிறது. ஒரு பேய், ஒரு தெரு. அதுவே போதும்.

புளூட்டோனியா கடினம், டூம் இரண்டை நன்றாக ஆடி முடித்தவர்களுக்கானது. புதிதாக வருகிறவர்களுக்கு எரிக் ஆல்ம் என்ற சுவீடன்காரர் 2003-இல் வெளியிட்ட சைத் தொகுப்பைச் சொல்வேன். அதுவும் 32 லெவல். முதல் லெவல்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். போகப் போகத்தான் இறுக்கும். இலவசம். டூம் இரண்டு மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். ஜிஇசட்டூம் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டால் வீட்டில் இருக்கும் மடிக்கணினியிலேயே ஓடும். ஒவ்வொரு லெவலையும் கைத்துப்பாக்கியோடு புதிதாகத் தொடங்கி ஆடுங்கள். முந்திய லெவலின் ஆயுதங்களைக் கொண்டுபோனால் எந்தத் துப்பாக்கியை எந்த முடுக்கில் வைத்தார் என்ற ஆல்மின் கணக்கு உங்களுக்குப் பிடிபடாமலே போய்விடும்.