நத்தைக்கு இட்ட தீனி

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை முதல் வரவு செலவு, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசியாயிற்று. இப்பொழுது நான் நத்தையைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறேன். பின் வரிசையில் ஒரு நண்பர் சிரிக்கிறார். அவருடைய தோட்டத்திற்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்று எண்ணுகிறேன். முன் வரிசையில் உள்ள பெண்கள் சிரிக்கவில்லை. பப்பாளிக் கன்றுகளை ஒரே வாரத்தில் இழந்த மகளிர் குழுவினர் அவர்கள். அந்த இழப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றேன். வகுப்பறையின் ஜன்னலோரத்தில் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றில் உள்ளங்கை நீளமுள்ள இரண்டு நத்தைகள் இருந்தன. ஒரு மாணவனின் வீட்டுக்கு வெளியூர் நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்த பூந்தொட்டியின் மண்ணில் அவை கிடைத்தனவாம். பிள்ளைகள் நாள்தோறும் முட்டைக்கோஸ் இலை போட்டு வந்தார்கள். ‘ஓடு மெலிந்து உதிர்கிறதே, ஏன் ஐயா?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். நான் பட்டப்படிப்பில் விலங்கியல் பயின்றவன். கேட்டதும் உற்சாகம் பிறந்துவிட்டது. ‘தினமும் ஒரே இலையைப் போட்டால் போதாது, வெள்ளரி, பூசணி, கீரை என்று மாற்றிப் போடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்து வையுங்கள்’ என்று விளக்கினேன். எல்லாப் பள்ளிகளிலும் இப்படி ஒரு தொட்டி இருக்க வேண்டும் என்றும் பாராட்டிவிட்டு வந்தேன்.

தீனியைப் பற்றி நான் சொன்னது சரியே. அது எந்த நத்தை என்று கேட்காமல் வந்ததுதான் தவறு. கோடை விடுமுறையில் தொட்டியைக் கவனிக்க ஆளில்லை. பாவம் என்று யாரோ அவற்றைப் பள்ளியின் பின்புறம் விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு மழையில், பின்சுவரை ஒட்டியிருந்த மகளிர் குழுவின் நாற்றங்காலில் அவற்றின் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்தன.

ஆப்பிரிக்க இராட்சத நத்தை என்று இதற்குப் பெயர். இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டு வந்த நத்தைகள் கல்கத்தாவில் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. நத்தைகளைச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்டவர் அவர். தீங்கு செய்யும் எண்ணம் அவருக்கு இருந்திராது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1966-இல் ஹவாயிலிருந்து மியாமி நகருக்குத் திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை வளர்ப்பதற்காக எடுத்து வந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு ஆண்டுகளில் அவை ஏறத்தாழ 18,000 ஆகப் பெருகின. அவற்றை ஒழிக்க அந்த அரசுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவாயிற்று. நம் பள்ளியில் நடந்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அங்கே மூன்று, இங்கே இரண்டு.

இவ்வளவு விரைவில் எப்படிப் பெருகுகிறது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் ஒன்றாக அமைந்தது. ஒரு முறை கூடிய பிறகு பல மாதங்கள் முட்டையிட வல்லது. ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டைகள் வரை மண்ணுக்குள் இடும். ஓராண்டில் 1,200 வரை இடக்கூடும். கோடையில் ஓட்டின் வாயைக் காய்ந்த சவ்வினால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். அப்போது ‘ஒழிந்தது சனியன்’ என்று நாம் நிம்மதியாக இருப்போம். முதல் மழை விழுந்ததும் எழுந்து வரும்.

நம் வயல் நத்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நெல் வயலிலும் குளத்திலும் இருக்கும் நத்தை உருண்டையானது. ஓட்டின் வாயை மூட அதற்குக் கெட்டியான மூடி ஒன்று உண்டு. நம் ஊர்களில் பலர் சமைத்து உண்பது அதையே. ஆப்பிரிக்க நத்தைக்கு அந்த மூடி கிடையாது. ஓடு கூம்பு போல நீண்டு, பழுப்பு நிறத்தில் கோடுகளுடன் இருக்கும். நன்கு வளர்ந்தால் 20 சென்டிமீட்டர் நீளம் வரை கூட எட்டும். ஓடே இல்லாத நத்தை ஒன்றும் மழைக்காலத்தில் கறுப்பாக ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை அட்டை என்று எண்ணிப் பலர் அஞ்சுகிறார்கள். அது இரத்தம் குடிப்பதில்லை, இலைதான் தின்கிறது.

இனி அதன் சாப்பாட்டுக்கு வருவோம். நம் வேலைக்கு உதவும் விஷயம் அதில்தான் இருக்கிறது.

நத்தையின் வாயில் அரம் போன்ற ஒரு நாக்கு உண்டு. அதில் நுண்ணிய பற்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன. கடித்துத் தின்பதில்லை, சுரண்டித் தின்கிறது. இந்த ஆப்பிரிக்க நத்தை 500-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாழை, பப்பாளி, கத்தரி, அவரை, வெள்ளரி, பூசணி, முட்டைக்கோஸ், செண்டுமல்லி என்று நம் தோட்டத்தில் உள்ளவை பலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பச்சை இலையோடும் நிற்பதில்லை. அழுகிய சருகு, குப்பை, செத்த நத்தை, எலிப் புழுக்கை எதையும் விடுவதில்லை. இளம் நத்தை பசுமையான குருத்துகளை அதிகம் நாடும். முதிர்ந்த நத்தை அழுகலையும் பெரிதும் தின்னும். ஆகவே கையளவு பெரிய நத்தையைக் கண்டு பதறுகிறவர்கள், நாற்றங்காலில் விரல் நகம் அளவில் இருப்பதைக் கண்டுதான் கூடுதலாகப் பதற வேண்டும்.

இத்தனையையும் தின்பது வெறும் பேராசையன்று. அதன் உடலுக்கு அது தேவையாக இருக்கிறது. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சதை வளரப் புரதம் வேண்டும். கானாவிலும் நைஜீரியாவிலும் பெரிய நத்தைகளைக் கொட்டிலில் வளர்த்து உணவாக விற்கும் கிராமத்தார் உண்டு. பப்பாளி இலையும் பழமும், சேம்பிலை, வாழைப்பழம், காய்கறிக் கழிவு ஆகியவற்றைக் கலந்து போட்டு, சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் பொடியோ முட்டை ஓட்டுப் பொடியோ சேர்ப்பது அவர்கள் வழக்கம். உப்புக் கலந்த எதையும் அருகில் விடமாட்டார்கள்.

1975-இல் ஜெல்பெரின் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓடில்லாத நத்தையை வைத்துச் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார். நத்தைக்குப் பிடித்த உணவைத் தின்னக் கொடுத்து, உடனே கரியமில வாயுவினால் அதற்குத் துன்பம் உண்டாக்கினார். ஒரே தடவையில் அந்த உணவை ஒதுக்க நத்தைகள் கற்றுக்கொண்டன. 1986-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடலுக்கு இன்றியமையாத ஒரு புரதக்கூறு மட்டும் இல்லாத தீனியை அதே இன நத்தைகளுக்குக் கொடுத்தார்கள். தின்று பார்த்த பின் அந்தச் சுவையையே அவை வெறுத்தன. மண்ணில் ஊரும் இந்தப் பிராணிக்குத் தன் தீனியில் எது குறைகிறது என்று தெரிகிறது! நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் வெறும் சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறோமே என்று எனக்கு அப்போது தோன்றியது. அது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

இந்தச் சோதனைகள் ஆப்பிரிக்க நத்தையிடம் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் அவற்றிலிருந்து ஒரு எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளலாம். அரைகுறையாக நஞ்சு கலந்த தீனியை வைத்தால், தின்று பிழைத்த நத்தை மறுமுறை ஏமாறாமல் போகலாம். கடையில் விற்கும் நத்தைக்கொல்லிக் குருணைகள் நாய்க்கும் கோழிக்கும் ஆபத்தானவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே, தீனியை நஞ்சாக்காமல் வைத்து நத்தையைக் கூட்டி, கையால் பொறுக்குவதே நல்லது என்பது என் கருத்து.

செய்முறை எளியது. சூரியன் மறைந்த பின் பழைய கோணிச் சாக்கை நன்றாக நனைத்து வரப்போரத்தில் விரியுங்கள். அதன் கீழே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் கழிவோ வையுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பது மேல். இரவு எட்டு, ஒன்பது மணிக்குள் நத்தைகள் வந்து மொய்க்கத் தொடங்கும். விடியற்காலையிலும் சாக்கின் அடியில் ஒண்டியிருக்கும். கையுறை அணிந்தோ இடுக்கியாலோ பொறுக்கி, கல் உப்பைச் செறிவாகக் கரைத்த வாளியில் போட வேண்டும். செத்தவற்றைக் குழியில் இட்டு மூடுங்கள். அந்த உப்பு நீரை வயலில் கொட்டிவிடாதீர்கள். நத்தை மிகுந்துவிட்ட இடங்களில், கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் பரிந்துரைத்த கரைசல் ஒன்று உண்டு. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரில் போட்டு ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். 60 கிராம் மயில்துத்தத்தை வேறொரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். இரண்டையும் கலந்து வடிகட்டித் தெளிக்கலாம். கீரை, காய் பறிக்கும் பாத்திகளில் இதைத் தெளிக்க வேண்டாம். குளம், கிணறு அருகிலும் வேண்டாம்; மீன் செத்துப்போகும்.

நத்தை ஊருக்குள் வந்துவிட்டதா என்று அறியவும் தீனியே வழிகாட்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேடி, அது வெள்ளையடித்த சுவரைச் சுரண்டும். மழைக்காலத்தில் பள்ளி, கோயில், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றின் அடிச்சுவரில் புதிதாகச் சுரண்டிய தடமும் காய்ந்த கோழைக் கோடும் தென்பட்டால், சுற்றிலும் தேடிப் பார்க்க வேண்டும். இந்தப் பார்வை ஊராட்சி உறுப்பினர் தம் வார்டில் நடந்துபோகும்போதே செய்யக்கூடியது.

வேறு பிராணியைக் கொண்டுவந்து விட்டால் இதைத் தின்றுவிடாதா என்று சென்ற கூட்டத்தில் ஒரு விவசாயி கேட்டார். வாத்துகள் குஞ்சு நத்தைகளைத் தின்னும். வளர்ப்பவர்கள் தோப்புக்குள் ஓட்டலாம். வெளிநாட்டுப் பிராணி வேண்டவே வேண்டாம். ஹவாயில் 1955-இல் நத்தையைத் தின்னும் நத்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுகளுக்கே உரிய சிறு நத்தைகளைத் தின்று தீர்த்தது. 1977-இல் பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவிலும் அதை விட்டார்கள். பத்தாண்டுகளில் அங்கிருந்த பார்ட்டுலா என்ற மர நத்தை இனங்கள் காட்டில் இல்லாமற்போயின. மிஞ்சிய சிலவற்றை லண்டன் முதலிய விலங்குக் காட்சிசாலைகளில் ஓட்ஸ் மாவும் இலைத்தூளும் சுண்ணாம்புச் சத்தும் குழைத்து ஊட்டித் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். 2015 முதல்தான் அவற்றைத் தீவுகளில் மீண்டும் விட்டு வருகிறார்கள்.

குழந்தைகளைப் பற்றிய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எலிப் புழுக்கையையும் இது தின்னும் என்று சொன்னேன் அல்லவா? எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள் அந்தப் புழுக்கையோடு நத்தையின் உடலுக்குள் போகின்றன. ஓடில்லாத நத்தைக்கும் இது பொருந்தும். வேகாத நத்தைக் கறியாலும், சிறு நத்தை ஒட்டியிருக்கும் கழுவாத பச்சைக் கீரையாலும் அது மனிதனுக்குள் புகுந்தால் மூளையின் உறையில் அழற்சி உண்டாகும். கேரளத்தில் குழந்தைகளுக்கு இந்த நோய் கண்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நத்தையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்கலாகாது. அந்தப் பள்ளியில் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அன்று தோன்றவே இல்லை.

ஆப்பிரிக்க நத்தையைத் தொட்டியில் வளர்ப்போர் யாரேனும் இருந்தால், அதை வெளியே விடாதீர்கள். உப்புக் கரைசலில் போட்டுவிடுங்கள். தொட்டி மண்ணிலும் முட்டை இருக்கும், கொதிநீர் ஊற்றுங்கள். பிள்ளைகளுக்கு நத்தையின் வாழ்க்கையைப் பார்க்கும் ஆசை இருந்தால் அதைக் கெடுக்க வேண்டாம். நம் தோட்டத்துச் சிறு நத்தை ஒன்றை ஆசிரியர் முன்னிலையில் மூன்று நாள் வைத்துப் பார்க்கட்டும். வெள்ளரித் துண்டு, கீரை, ஈரமான சருகு, முட்டை ஓட்டுப் பொடி ஆகியவற்றை வைத்து, எதை முதலில் தின்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடட்டும். கை கழுவும் நீரும் சோப்பும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெளியூர் நாற்றுப் பண்ணைகளிலிருந்து கன்று வாங்குவோர், தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவருமுன் மண்ணைக் கிளறிப் பாருங்கள். மிளகை விடச் சற்றுப் பெரிய, வெளிறிய மஞ்சள் முட்டைகள் குவியலாக இருந்தால் அந்த மண்ணை வாங்காதீர்கள்.

பாதிக்கப்பட்ட மகளிர் குழுவினர் மீண்டும் பப்பாளி விதை ஊன்றியிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பள்ளியின் பின்புறம் கூடுகிறோம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பத்துக் கையுறைகளும் ஒரு மூட்டை கல் உப்பும் நான் கொண்டுவருகிறேன். சாக்கும் டார்ச் விளக்கும் நீங்கள் கொண்டுவர வேண்டும். பப்பாளி இலைக்குத்தான் பஞ்சம். முட்டைக்கோஸ் கழிவு உள்ளவர்கள் சந்தை முடிந்ததும் அதைத் தூர எறியாமல் எடுத்து வைத்திருங்கள்.