வீடே முதல் திரை

நடுவர் அவர்களே! 2012-ல் இதே சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றதைச் சொல்லி, "அவன் பார்த்த சினிமாதான் காரணம்" என்றார் எதிரணித் தம்பி. அந்தப் படத்தை எத்தனையோ பிள்ளைகள் பார்த்தார்கள். எல்லோருமா கத்தி எடுத்தார்கள்?

1961-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார். குழந்தைகள் பார்த்தார்கள், அவ்வளவுதான். பிறகு பொம்மை கைக்கு வந்ததும் அதே அடி, அதே உதை, அதே வசனம்! 1963-ல் படமாகக் காட்டியபோதும் அப்படித்தான். ஆக, திரையும் கற்றுத்தரும், மறுக்கலைங்க. ஆனா, பிள்ளை தினமும் பார்க்கிற படம் நாமதானே?

தி.நகர், பனகல் பார்க் சிக்னல். பெட்ரோல் டாங்க் மேல பிள்ளை. பின்னால அப்பா, குறுக்கே வந்த ஆட்டோக்காரரைப் பார்த்துக் கத்துறார்: "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" மறுநாள் கூடத்துல மூணு சக்கர சைக்கிள். குறுக்கே தாத்தா. பிள்ளை கேட்குது: "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" (சிரிப்பு)

இன்னிக்கு வாய் வருது. நாளைக்குக் கை வரும்.

டி.வி.யை அணைச்சுடலாம், அப்பாவை அணைக்க முடியுமா? முடியும், கை ஓங்காத அப்பாவா இருந்தா! (கைதட்டல்) 'வீடே' என்று தீர்ப்பளியுங்கள்.