கையெழுத்துக்கு முன்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



'கிறிஸ்தவ விழுமியங்களும் அன்றாடப் பழக்கங்களும்' என்று செயலாளர் அண்ணன் தலைப்புக் கொடுத்துவிட்டார். நான் போதகர் அல்ல. சிமெண்டும் கம்பியும் பார்க்கிற ஆள். ஆகவே என் வேலையிடத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

2010-இல் இங்கிருந்து போய் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தேன. காலை 5 மணிக்கு எழுந்து ஜெபம், வேத வாசிப்பு. முடிந்ததும் டைரியில் ஒரு 'டிக்' போடுவேன். அதில் தனி சந்தோஷம்!

சிவில் படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். கான்கிரீட் போடும்போது அதே கலவையில் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவோம். 7-ஆம் நாள் சிலவற்றை, 28-ஆம் நாள் சிலவற்றை இயந்திரத்தில் வைத்து உடைப்போம். எம்-25 கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும்.

நானும் போட்டேன். எழுதிவந்த பக்கங்களில், பார்க்காமலே போட்டேன். ஒருநாள் தொட்டிப் பக்கம் போனால், உள்ளே மூன்று கட்டிகள். பெயிண்டில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். உடைத்தாயிற்று என்று முந்தின நாள் நான் கையெழுத்துப் போட்ட அதே கட்டிகள்! அன்று காலையும் டைரியில் டிக் இருந்தது.

இந்தப் பழக்கம் வேலைக்குப் போய் வந்ததல்ல. இங்கே ஆய்வகத்தில் வந்தது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதி, கிராஃபில் எல்லாப் புள்ளியும் கோட்டின்மேலேயே உட்காரும்படி செய்வேன். (அந்த அண்ணன் இங்கேதான் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.) நாலு வருஷம் தினமும் பழகியிருக்கிறேன், பொய் என்று தோன்றாமலே.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தளத்தின் கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிறகுதான் மேலாளரிடம் சொன்னேன். தளத்தில் துளைபோட்டு மாதிரி எடுத்துச் சோதித்ததில் பலம் சரியாக இருந்தது. எனக்கு ஏச்சும் இடமாற்றமும் கிடைத்தன.

அந்தச் சமயம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போடுவார்கள். அது ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக்கு. திருநெல்வேலிப் பக்கத்தாருக்கு இந்தக் கைப்பிடி அரிசி தெரியும். மிசோரம் சபைப் பெண்களும் 1910 முதல் இப்படிச் சேர்த்து வருகிறார்கள். "ஒருநாள்கூட மறக்காதாம்மா?" என்று கேட்டேன். "அரிசி அளக்காம எப்படில சோறு பொங்க? அளக்கும்போதே எடுத்துருவேன். பொங்கினப்புறம் பாத்துக்கிடலாம்னா ஒண்ணும் மிஞ்சாது" என்றார்கள்.

அதைப் பிடித்துக்கொண்டேன். பேனா மூடியைத் திறக்குமுன் அந்தப் பொருளை நேரில் போய்ப் பார்ப்பது, மனதுக்குள் ஒரு வரி ஜெபம். அவ்வளவுதான். வேலை தாமதமாகிறது என்று சண்டை உண்டு. "சாரு இன்னும் மூடியத் திறக்கல" என்று மேஸ்திரிமார் கேலியும் உண்டு. இரவில் அன்று போட்ட கையெழுத்துகளை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே மதியமும் இரவும் மனதைச் சோதிக்கச் சொன்னார் என்று கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு இரவு மட்டுந்தான் முடிகிறது. குழந்தை பிறந்தபின் 5 மணி ஜெபமும் அப்படி இப்படித்தான்.

போன மாதம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடி ஏறாமலே ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படுத்தபோது நினைவு வந்தது. காலையில் முதல் வேலையாக ஏறிப் பார்த்தேன். கம்பி இடைவெளி ஓரிடத்தில் தவறியிருந்தது. அந்தப் பக்கத்தை அடித்து எழுதி, தேதியும் போட்டு, கம்பியைப் பிரித்துக் கட்டச் சொன்னேன்.