உழைப்பாளிக்கு அந்தரங்கம் வேண்டாமா?

(திருவெள்ளறையில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர் நாலுமூலைக் கேணி உங்களுக்குத் தெரியும். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் வெட்டுவித்தது. ஒரு துறையில் குளிப்பவரை மறு துறையில் நிற்பவர் காண முடியாது. மாமியார் குளிப்பது மருமகளுக்குத் தெரியாது என்று ஜனங்கள் சொல்வார்கள். பலர் கூடும் கிணற்றிலும் மனிதருக்கு ஒரு மறைவு வேண்டும்!

இன்று அந்த மறைவு நமக்கு உண்டா?

நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்களைக் கேளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தலங்களிலும் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் செல்போனில் பிடிப்பது கட்டாயமாயிற்று. மண் சுமந்த கோலத்தில் எடுத்த படம் சர்க்காரின் இணையதளத்தில் ஊரறிய ஏறியது. சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் கூலி போச்சு! இதை எதிர்த்து 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணா தொடங்கினார்கள்.

திருட்டைத் தடுக்கத்தானே என்றார்கள். தடுத்ததா? சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்த படங்களும் ஏறுவதாக 2025 ஜூலையில் மத்திய சர்க்காரே சுற்றறிக்கை விட்டது. திருடியவன் தப்பினான், வெயிலில் நின்றவள் கூலியை இழந்தாள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். செல்போன் கண்காணிப்பு அதிலும் இருக்கிறது.

இது புதிதல்ல. வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டு, ஏழைச் சாதிகளைக் கைரேகை வைக்கச் சொன்னான். இரவில் போலீஸ் காவலில் படுக்க வைத்தான். மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ல் சுட்டான். மக்கள் விடவில்லை. 1947-ல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

அன்று கைரேகையை அதட்டி வாங்கினார்கள். இன்று பேஸ்புக், வாட்ஸ்அப் என்று இனாமாகக் கொடுத்து வாங்குகிறார்கள். இனாமாகக் கொடுக்கிற கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? நாம் எதைப் பார்க்கிறோம், யாரோடு பழகுகிறோம் என்பதைத் திரட்டி, அதை வைத்து விளம்பரம் விற்கிறான். அங்கே சரக்கு நாம்தான்!

“கஞ்சிக்கு வழியில்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தரங்கம் பணக்காரர் விவகாரம் என்ற வாதம் சுப்ரீம் கோர்ட்டு முன்பும் வைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டு 24-ல் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வாதம் செல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள்: யாரை யார் பார்க்கிறார்கள்? மில்லில் தொழிலாளியின் தலைக்கு மேல் காமிரா; முதலாளியின் கணக்குப் புத்தகமோ பெட்டிக்குள். சங்கத்தில் யார் சேர்ந்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவனுக்கு நம் செல்போனே சாட்சி ஆகலாம்.

ஆகவே நாம் கேட்போம்: எதைப் பதிகிறாய், யாருக்குக் காட்டுகிறாய், என்றைக்கு அழிப்பாய் என்பதைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டு! இயந்திரம் பழுதானால் கூலியில் கை வைக்காதே! காமிரா எங்கே வைப்பது என்பதைச் சங்கத்தோடு பேசி முடிவு செய்!

தனியாகக் கேட்டால் மிரட்டுவான். சேர்ந்து கேட்போம், தோழர்களே!