நீறு பூத்த நெருப்பு

(புனித அந்திரேயா திருவிழா வாரத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை)



நவம்பர் 30ஆம் நாள் திருத்தூதர் புனித அந்திரேயாவின் திருவிழா. நம் முன்னோர் இவரைப் பெலவேந்திரர் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய தாத்தாக்கள் இன்றும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். இந்தத் திருத்தூதரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்ட நாடு ஸ்காட்லாந்து. நீல நிறத்தில் வெள்ளைச் சாய்சிலுவை பொறித்த அந்நாட்டுக் கொடி, அவர் சாய்ந்த சிலுவையில் அறையப்பட்டார் என்ற மரபை நினைவூட்டுகிறது. ஸ்காட்லாந்து மக்கள் வேலைக்காகச் சென்னைக்கு வந்தபோதும் இவரை மறக்கவில்லை. எழும்பூரில் 1821இல் அவர்கள் திறந்த ஆலயம் இன்றும் புனித அந்திரேயாவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த நாட்டில் இவருடைய திருவிழாவோடு குளிர்காலம் தொடங்குகிறது. அந்தக் குளிர்காலத்தில் அங்குள்ள குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன, தங்கள் முன்னோரிடமிருந்து பெற்றதை எப்படிப் பிள்ளைகளிடம் சேர்த்தன என்பதை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம். திருவருகைக்காலத்தின் வாசலில் நிற்கும் நமக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது.

குளிர் என்றால் நமக்கு மார்கழிப் பனிதான் நினைவுக்கு வரும். விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும், வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். ஸ்காட்லாந்தின் குளிர் அப்படிப்பட்டதல்ல. தலைநகர் எடின்பரோவில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் காலை எட்டரை மணிக்கு மேல்தான் உதிக்கும், மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 7 மணி நேரம்தான். பிள்ளைகள் மங்கலான வெளிச்சத்தில் பள்ளிக்குப் போகிறார்கள், அந்தி மங்கும் வேளையில் திரும்புகிறார்கள். பனிக்கட்டியில் கால் வழுக்காதபடி சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிறார்கள். பார்லியும் காய்கறியும் ஆட்டிறைச்சியும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் சூப் வைத்து இரண்டு மூன்று நாள் வைத்துக் குடிக்கிறார்கள். மழையும் மூட்டமுமாக மனத்தையே சோர்வடையச் செய்யும் நாளைக் குறிக்க அவர்களிடம் ‘டிரீக்’ என்று ஒரு தனிச்சொல்லே உண்டு.

மின்விளக்கும் வெந்நீர்க் குழாயும் இல்லாத காலத்தில் இந்த இருட்டை அந்த மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்? வடமேற்குத் தீவுகளில் கல்லால் தடித்த சுவர் எழுப்பி, கூரை வேய்ந்து வாழ்ந்தார்கள். மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். வீட்டு நடுவே தரையில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது. லூயிஸ் தீவின் ஆர்னல் என்ற ஊரில் இப்படிப்பட்ட வீடு ஒன்றை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1966 வரை அதில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அந்த அடுப்புக்கு எரிபொருள், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் கரிய மண்கட்டி. பீட் என்பார்கள். கோடை தொடங்கும்போதே குடும்பமாகப் போய் அதை வெட்டி, காற்றிலும் வெயிலிலும் உலர்த்தி, வீட்டருகே அடுக்கி வைத்தால்தான் குளிர்காலத்தில் உயிர் வாழ முடியும்.

இரவில் அந்த அடுப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். பெண்கள் கம்பளி நூற்பார்கள், ஆண்கள் வலை பழுது பார்ப்பார்கள். முதியவர்கள் கதை சொல்ல, பாட்டுப் பாட, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்குக் ‘கெய்லி’ என்று பெயர். அவர்களுடைய கேலிக் மொழியில் அதற்கு ஒருவரையொருவர் போய்ப் பார்த்தல் என்று பொருள்.

எல்லாரும் போன பிறகு வீட்டுத் தலைவி ஒரு வேலை செய்வாள். தணலைப் பரப்பி, மூன்று பங்காகப் பிரித்து, இடையிடையே பீட் கட்டிகளை வைத்து, மூவொரு கடவுளின் பெயரைச் சொல்லி, சாம்பலால் மூடுவாள். மெல்லிய குரலில் ஒரு செபமும் சொல்வாள். நெருப்பு அணையாது, வீட்டையும் எரிக்காது. காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் மறுபடி பற்றிக்கொள்ளும். அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்ற அரசு வரி அதிகாரி, தாம் வேலைக்காகச் சுற்றிய ஊர்களில் ஏழை மக்கள் சொன்ன இத்தகைய செபங்களை எழுதி வைத்து, 1900இல் நூலாக வெளியிட்டார். தீ மூட்ட ஒரு செபம், மூடி வைக்க ஒரு செபம், பால் கறக்க ஒன்று, படுக்கைக்குப் போக ஒன்று என்று அவர்களுடைய நாள் முழுவதும் செபமாகவே இருந்தது.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்கிறோம். நம் பாட்டிமாரும் அடுப்புச் சாம்பலுக்குள் தணலைக் காத்தவர்கள்தாம். அந்த நாட்டில் நம் கத்தோலிக்க விசுவாசமே அப்படிச் சாம்பலுக்குள் காக்கப்பட்டது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

1560இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திருப்பலியைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் சொத்துப் பறிமுதல், இரண்டாம் முறை நாடு கடத்தல், மூன்றாம் முறை மரண தண்டனை என்று சட்டம் சொன்னது. இயேசு சபைக் குரு ஜான் ஓகில்வி 1615இல் கிளாஸ்கோ நகரில் தூக்கிலிடப்பட்டார். 1976இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். பாரா, தெற்கு யூயிஸ்ட் போன்ற தீவுகளுக்கு அயர்லாந்திலிருந்து பிரான்சிஸ்கன் குருக்கள் கடல் கடந்து எப்போதாவது வந்தார்கள். மற்ற நாள்களில் குரு இல்லை, கோவில் இல்லை, வீடு மட்டுமே இருந்தது. கிளென்லிவெட் மலைப்பகுதியில் ஸ்காலன் என்னும் ஒதுக்குப்புறமான இடத்தில் 1716இல் ஒரு சிறு குருமடம் மறைவாக இயங்கத் தொடங்கியது. 1746இல் படைவீரர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். அதைத் திரும்பக் கட்டினார்கள். 1799 வரை அந்தப் பனி மூடிய பள்ளத்தாக்கில் இளைஞர்கள் குருத்துவத்துக்குத் தயாரானார்கள். அந்த இளைஞர்களை அனுப்பி வைத்தது யார்? அடுப்பருகே செபம் சொல்லிக் கொடுத்த தாய்மார்தாம். மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பட்டது 1878இல்தான். பாரா, தெற்கு யூயிஸ்ட் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் இன்றும் கத்தோலிக்கர்.

அன்பு நேயர்களே, இதைச் சொல்வது பழைய காயத்தைக் கிளறுவதற்காக அன்று. அங்குள்ள சீர்திருத்தச் சபைச் சகோதரர்களின் வீடுகளிலும் இதே வழக்கத்தைப் பார்க்கிறோம். அந்நாட்டின் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை இரவு ஒரு குடிசையில் நடப்பதை அவர் ஒரு கவிதையில் காட்டுகிறார். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். எளிய உணவு உண்கிறார்கள். பிறகு தந்தை பெரிய விவிலியத்தைத் திறந்து வாசிக்க, எல்லாரும் திருப்பாடல் பாடி, மண்டியிட்டுச் செபிக்கிறார்கள். நம் வீட்டுக் குடும்பச் செபத்தை நேரில் பார்த்து எழுதியது போல் இருக்கிறது.

பர்ன்ஸ் 37 வயதில் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1801இல், அவர் பிறந்த வீட்டில் நண்பர்கள் சிலர் கூடி அவர் நினைவாக விருந்து உண்டார்கள். இன்று ஜனவரி 25 இரவில் ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் உலகெங்கும் அந்த விருந்தைக் கொண்டாடுகின்றன. முதலில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் ஒரு சிறு செபம். பிறகு ஹாகிஸ் என்னும் உணவு வரும். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து வேக வைப்பது. எதையும் வீணாக்காத ஏழைகளின் சமையல் அது. அதையே அவர்கள் பெருமையோடு விருந்தின் நடுவில் வைக்கிறார்கள். ஆண்கள் கட்டம் போட்ட கம்பளி ஆடையாகிய கில்ட்டை உடுத்துகிறார்கள். 1746இல் போட்ட சட்டத்தால் மலைநாட்டு ஆண்கள் அந்த ஆடையை உடுத்தக் கூடாது என்றிருந்தது. 1782இல்தான் தடை நீங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் மறைந்திருந்த ஆடையைப் பேரப்பிள்ளைகள் இன்று உடுத்துகிறார்கள்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் அங்கே சோதனை வந்தது. 1640இல் நாடாளுமன்றம் அந்த விடுமுறையை ஒழித்தது. 1958இல்தான் டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறையானது. அதனால் குடும்பக் கொண்டாட்டமெல்லாம் ஆண்டின் கடைசி இரவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹோக்மனே என்று அதற்குப் பெயர். அன்று வீட்டைச் சுத்தம் செய்வார்கள், அடுப்புச் சாம்பலை அள்ளுவார்கள், கடன்களை அடைப்பார்கள். நள்ளிரவு தாண்டியதும் வாசலில் முதலில் அடியெடுத்து வைப்பவர் வெறுங்கையோடு வரக் கூடாது. ஒரு நிலக்கரித் துண்டு, கொஞ்சம் உப்பு, பழக் கேக் கொண்டு வருவார். யார் முதலில் வந்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டது. அதை நாம் விட்டுவிடலாம். கடுங்குளிரில் பக்கத்து வீட்டுக்கு நெருப்பும் உணவும் கொண்டு போகும் நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

ஆனால் எல்லாமே காக்கப்பட்டுவிடவில்லை. செபங்களும் கதைகளும் நிறைந்திருந்த கேலிக் மொழியின் நிலையைப் பாருங்கள். 1872இல் வந்த கல்விச் சட்டத்தில் அந்த மொழிக்கு இடமே தரப்படவில்லை. பிள்ளைகள் முன்னேற வேண்டுமே என்று பெற்றோரும் வீட்டில் அதைப் பேசுவதைக் குறைத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அதைப் பேசியவர்கள் ஏறக்குறைய 57,000 பேர், அதாவது நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர். சட்டத்தின் அநீதி பெரிதுதான். ஆயினும் தாயும் தந்தையும் வீட்டுக்குள் பேசாமல் போனபோதுதான் தணல் உண்மையில் குளிரத் தொடங்கியது. 1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸிலும் கேலிக் வழிக் கல்வி தொடங்கியது. பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் போய் அதைக் கற்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எளிதாகக் கற்றிருக்க வேண்டியதை இப்போது பாடுபட்டுக் கற்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நாம் புனித அந்திரேயாவைப் பார்க்க வேண்டும். இயேசுவோடு ஒரு நாள் தங்கியவுடன் அவர் முதலில் யாரைத் தேடிப் போனார்? சொந்தச் சகோதரர் சீமோனை. மெசியாவைக் கண்டோம் என்று சொல்லி அவரைக் கையோடு அழைத்து வந்தார் என்று யோவான் நற்செய்தி முதல் அதிகாரம் கூறுகிறது. சீமோனும் அந்திரேயாவும் குடியிருந்த வீட்டுக்கு இயேசு போனதையும், அங்கே காய்ச்சலாய்க் கிடந்த சீமோனின் மாமியாரைக் குணமாக்கியதையும் மாற்கு சொல்கிறார். ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் வைத்திருந்த சிறுவனைக் கண்டு ஆண்டவரிடம் சொன்னவரும் இந்த அந்திரேயாதான். தம் குடும்பத்தை முதலில் நினைத்தவர், கூட்டத்தில் ஒரு சிறுவனையும் கவனிக்கத் தெரிந்தவராக இருந்தார்.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். நமக்குத் தடைச் சட்டம் எதுவுமில்லை. நடுப்பகலில் கோவில் மணி அடிக்கிறது. ஆயினும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மூவேளைச் செபம் தெரியும்? பாட்டி சொன்ன புனிதர் வரலாறு, தாத்தா பாடிய வியாகுலப் பாட்டு எத்தனை வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது? மாலையில் நான்கு பேர் ஒரே வீட்டில் நான்கு கைப்பேசிகளோடு உட்கார்ந்திருந்தால், அங்கே யார் யாருக்கு எதைக் கொடுக்க முடியும்? பெரியவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள். அவர்கள் சொல்லாமல் போனதை நாம் யாரிடம் போய்க் கேட்போம்?

ஆகவே இந்தத் திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறு மாலைகளிலும் விளக்கேற்றி, குடும்பமாகத் தரையில் உட்காருவோம். வீட்டில் மூத்தவர் தமக்குத் தம் பெற்றோர் கற்றுக் கொடுத்த ஒரு செபத்தை அல்லது பாட்டைச் சொல்லட்டும். இளையவர் அதைத் திரும்பச் சொல்லட்டும். அரைமணி நேரம் போதும். கிறிஸ்து பிறப்பு நாளில், நம் அன்பியத்தில் தனியாக இருக்கும் ஒருவரின் வாசலை நாமே முதலில் மிதிப்போம். வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் பலகாரம் கொண்டு போவோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம்.

செபிப்போம். விண்ணகத் தந்தையே, இருள் சூழ்ந்த காலத்திலும் ஏழைகளின் அடுப்படியில் உம் ஒளியைக் காத்தீர். எங்கள் பெற்றோர் எங்களிடம் ஒப்படைத்த விசுவாசத் தணலை நாங்கள் அணைய விடாதபடி எங்களுக்கு அருள் தாரும். புனித அந்திரேயாவைப் போல எங்கள் சொந்தச் சகோதர சகோதரிகளை முதலில் உம் மகனிடம் அழைத்து வர எங்களுக்குத் துணிவு தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.