செயற்கைச் சுவாசமும் தமிழ்ச் சொல்லும்



கடுமையான இன்ஃபுளுவென்சா காய்ச்சலால் நுரையீரல் பழுதுற்ற நோயாளியைச் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் பல வாரங்கள் காப்பது எவ்வாறு? அந்நாள்களில் அவருடைய குடும்பத்தாருக்குத் தமிழ் எவ்வாறு துணைநிற்க வேண்டும்? இவ்விரண்டுமே இன்றைய உரையின் பொருள்.

முதலில் இம்மண்ணின் வரலாற்றை நினைவுகூர்வோம். 1917-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டின் இறுதி மாதங்களில், உலகைச் சூறையாடிய இன்ஃபுளுவென்சா மலாயாவையும் தாக்கியது. மலாயாவில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று வரலாற்றாய்வாளர் கணிக்கின்றனர். நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரிடையே சாவு மிகுதியாக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தோட்டத்து டிரெசர் காய்ச்சலைத் தணிக்க முயலலாம். கஞ்சி கொடுக்கச் சொல்லலாம். தளர்ந்துபோன நெஞ்சுக்கு மூச்சைக் கொடுக்க அவரிடம் வழியில்லை. அன்று லண்டன் மாநகரத்து மருத்துவரிடமும் அவ்வழி இருக்கவில்லை.

வழி பிறந்தது 1952-இல், டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரில். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தனர். மயக்க மருந்து வல்லுநர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழல் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கங்களுள் அது தலையாயது. மாணவர்களே, அக்கருவிக்கு முதல் இயந்திரமாக இருந்தவை உங்களைப் போன்ற இளைஞர்களின் கைகள்.

இன்ஃபுளுவென்சா முற்றினால் நிகழ்வது என்ன? நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் அழற்சி ஏற்பட்டு நீர் கோத்துக்கொள்கிறது. உயிர்வளி இரத்தத்தில் கலக்க இயலாது போகிறது. கருவி காற்றைத் தள்ளுகிறது, உயிர்வளியை மிகுதியாக்குகிறது. ஆனால் அது கிருமியைக் கொல்வதில்லை; புண்ணை ஆற்றுவதுமில்லை. நுரையீரல் தானே ஆறும்வரை காலத்தைப் பெற்றுத் தருவதே அதன் பணி.

அளவு மீறினால் அக்காற்றே நுரையீரலைப் புண்படுத்தும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று செலுத்தியபோது நூற்றுக்கு 40 பேர் இறந்தனர். 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 31 பேர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தலும் பயன் தரும். நாளொன்றுக்கு 16 மணி நேரமாவது அவ்வாறு படுக்கவைத்தால், நிலைமை மோசமானவர்களிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

வாரங்கள் நீளும்போது வேறு இடர்கள் சேர்கின்றன. உதரவிதானம் உள்ளிட்ட தசைகள் மெலியும், புதிய தொற்று வரக்கூடும், மனம் குழம்பும். வாய்வழிக் குழலுக்கு மாற்றாகக் கழுத்தில் துளையிட நேரும். பின்னர் நாள்தோறும் சிறிது நேரம் கருவியின் உதவியைக் குறைத்து, நோயாளி தாமே மூச்சுவிடப் பழக்குவர். நடைபழகும் குழந்தை விழுந்தெழுவதைப் போல, ஒருநாள் முன்னேற்றமும் மறுநாள் பின்னடைவும் இதில் இயல்பு.

2009-இல் எச்1என்1 காய்ச்சல் நம் நாட்டுக்கு வந்தபோது முதல் நோயாளி சுங்கை பூலோ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். வட சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து எட்டிவிடும் தொலைவில் இன்று செயற்கைச் சுவாசக் கருவி இருக்கிறது. ஆனால், அதனை விளக்கும் சொல் லயத்து வீட்டுக்குள் வந்துசேர்ந்துவிட்டதா?

மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார். நோயாளியின் மனைவிக்குத் தமிழே வசதி. இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற அப்பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் உடலியலை வேறு மொழியில் கற்றிருக்கும். காற்றறை என்றால் என்ன என்பது அதற்குத் தெரியும். பாட்டிக்குச் சொல்லத் தமிழில் சொல் வராது. எனவே, “மெஷின் வச்சிட்டாங்க” என்ற ஒரே வரியில் செய்தி முடிந்துபோகிறது. கேட்பவருக்கு அது சாவோலையாகப் படுகிறது. கருவியின் வலியும் பதற்றமும் தெரியாதிருக்க மருந்தால் உறங்கவைத்திருப்பதை, “நினைவே போய்விட்டது” என்று கொள்கின்றனர். கழுத்துத் துளை வேண்டும் என்று மருத்துவர் கேட்டால், “இனிப் பேச்சே வராது” என்றஞ்சி மறுக்கின்றனர். தேறியபின் அக்குழலைப் பலருக்கு எடுத்துவிடலாம், துளை மூடிக்கொள்ளும், குரலும் திரும்பும் என்பதை அவர்களுக்கு எவரேனும் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் பிழைப்பதில்லை என்பதையும் அதே தெளிவோடு சொல்லியாக வேண்டும். புரியாத நிலையில் கொடுக்கும் ஒப்புதலும் மறுப்பும் உண்மையான முடிவாகா.

விளக்குவதற்கு அகராதிச் சொல் மட்டும் போதாது. கேட்பவரின் வாழ்விலிருந்து உவமை வேண்டும். பால்மரம் சீவிய பாட்டிக்கு இதனை எளிதில் சொல்லலாம். உளி ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும். அளவாகச் சீவி, ஓய்வு கொடுத்தால் பட்டை மீண்டும் வளரும். நுரையீரலுக்கும் அப்படித்தான்: காற்றை அளவாகக் கொடுத்து, ஆறும்வரை காத்திருக்கிறார்கள். இவ்விளக்கத்தைக் கேட்ட பாட்டி, அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்றறை, மூச்சுக்குழாய், தொற்று, உறக்க மருந்து, ஒப்புதல் ஆகிய சொற்களைக் கட்டுரைப் பயிற்சியிலும் உரையாடல் பயிற்சியிலும் புழங்கவிடுங்கள். மாணவர்களே, மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொல்லப் பழகுங்கள். புரியாவிடில் மீண்டும் கேளுங்கள். கடினமான முடிவைச் சொல்லும் சுமை உங்களுடையதன்று. அவ்வேளையில் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கும் கருவுற்றோருக்கும் தடுப்பூசி உண்டு என்பதையும், மூச்சுத்திணறல் கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் இன்றே வீட்டில் சொல்லுங்கள்.

1918-இல் நம் முன்னோருக்குக் கருவி இல்லை. இன்று கருவி உண்டு. அதன் அருகே கலங்கி நிற்கும் குடும்பத்துக்குப் புரியும் தமிழைக் கொண்டுசேர்ப்பது நம் கடமை.