சிரிப்புப் படத்தில் இடம்பெறாத இரு பிள்ளைகள்

(கோடம்பாக்கத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படத்துக்குப் பேர்போன கோடம்பாக்கத்தில் கூடியிருக்கிறோம். நானும் ஒரு படத்திலிருந்தே தொடங்குகிறேன். டிஸ்னி நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'மிக்கீஸ் கிறிஸ்துமஸ் கரோல்' என்ற கார்ட்டூன் அது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று எட்டாம் வகுப்புக்குத் திரையிட்டேன்.

மூலக்கதை, சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்டது. ஸ்க்ரூஜ், எச்சில் கையால் காக்கை ஓட்டாத கஞ்சன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி வந்து எச்சரிக்கிறது. பிறகு வரும் மூன்று ஆவிகள் அவனுடைய நேற்றையும் இன்றையும் நாளையையும் காட்டுகின்றன. விடியும்போது அவன் மனம் மாறி எழுகிறான்.

கார்ட்டூனில் கஞ்சனாக வருவது ஸ்க்ரூஜ் மெக்டக் என்ற வாத்து. 1947-இல் கார்ல் பார்க்ஸ் அந்த வாத்தை உருவாக்கியபோதே டிக்கன்ஸின் கஞ்சன் பெயரைத்தான் வைத்தார். ஏழை எழுத்தராக மிக்கி வருகிறார். நம்மை நடுங்கவைக்க வேண்டிய மார்லியின் ஆவியோ கூஃபி! சங்கிலிகளோடு வந்து தடுக்கி விழுகிறார். வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது.

படம் முடிந்ததும் நூலில் உள்ள ஒரு காட்சியைச் சொன்னேன். நிகழ்கால ஆவி தன் அங்கியை விலக்குகிறது. உள்ளே எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள். சிறுவன் பெயர் அறியாமை, சிறுமி பெயர் வறுமை. இருவரிடமும் எச்சரிக்கையாக இரு, சிறுவனிடம் கூடுதலாக இரு என்கிறது ஆவி. இவர்களுக்குப் புகலிடம் இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்கிறான். நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் முன்பு அவன் சொன்ன பதிலையே ஆவி திருப்பிக் கேட்கிறது: சிறைச்சாலைகள் இல்லையா?

டிக்கன்ஸுக்கு இது வெறும் கற்பனை அல்ல. பன்னிரண்டு வயதில், தந்தை கடனுக்காகச் சிறையிலிருக்க, அவர் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இக்கதையை எழுதிய ஆண்டில்தான், லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த ஃபீல்ட் லேன் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தார்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், அந்த ரெண்டு பேரையும் ஏன் படத்துல காட்டல?"

"சின்னப் படம்ப்பா, நேரம் போதாது" என்றேன். சொன்ன பதில் எனக்கே உறுத்தியது. அவன் பக்கத்து இடம் ஒன்பது நாளாகக் காலி. பதிவேட்டில் ஒன்பது நாளும் 'வரவில்லை' என்று குறித்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. 'வீட்டில் அக்கறை இல்லை' என்று ஆசிரியர் அறையில் சொன்னதோடு சரி. ஸ்க்ரூஜ் சொன்ன பதிலுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிள்ளை ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்பது நாள் கழித்துத்தான் போயிருக்கிறேன்.

வறுமையையும் அறியாமையையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும் என்று நம் ஊர் முன்பே கண்டுகொண்டது. 1920-இல், பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. பக்கத்திலுள்ள தியாகராய நகர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஆனால் பள்ளிக்கு வராத பிள்ளைக்கு இலை போட முடியாது. அவனைத் தேடிப் போக வேண்டியவர்கள் நாம்தான்.

தலைமையாசிரியரும் நானும் நான்கு முறை போய்ப் பேசினோம். ஜனவரியில் அந்த மாணவன் திரும்பி வந்தான். இன்றும் சில நாள் தாமதமாகத்தான் வருகிறான். வருகிறான், அது போதும்.

டிசம்பரில் நீங்களும் இந்தப் படத்தைக் காட்டுங்கள். பிள்ளைகள் நன்றாகச் சிரிக்கட்டும். பிறகு அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.